ஒரு மணிக்கு ஒரு கட்டைவிரல்

போன் அலறியது.

புவர்த்தோ லெங்கா போலீஸ் நிலையத்தில், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், போன் அலறுவது என்பது ஏரியில் திமிங்கிலம் துள்ளுவது மாதிரி.

நடக்காது!

ஏட்டு ருமினோ மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குவளையை உறிஞ்சியபடி அதை முறைத்தார். வயது ஐம்பத்து நாலு. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

"நீங்க எடுங்க சார்ஜென்ட்... எனக்கு வாய் சுட்டுடுச்சு."

சார்ஜென்ட் நோல்ஃபா பாரியா எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். ஸ்பானிஷ்தான். ஆனால் வேறு கண்டத்து ஸ்பானிஷ்.

"மீட்பு மையத்துல இருந்து பேசறோம். உங்க பகுதியில ஒருத்தர் சாட்டிலைட் கருவியில ஆபத்து பட்டனை அழுத்தியிருக்கார். பன்னெண்டு அம்பதுக்கு. என்ன ஆபத்துன்னு கேட்டு மூணு செய்தி அனுப்பிட்டோம்... பதில் இல்ல. இப்ப கருவியே அணைஞ்சு போச்சு!"

"யாரோட கருவி?"

"எகோன் வெர்னர்."

நோல்ஃபா எழுந்தே விட்டாள்.

லாஸ் கைக்கேனஸ் ஆட்டுப் பண்ணையின் நிர்வாகி. அந்த வட்டாரத்தில் சிரிக்காத முகம் ஒன்று உண்டென்றால் அது அவருடையது.

"இடம்?"

அந்தப் பெண் எண்களைச் சொன்னாள். நோல்ஃபா சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை நகர்த்தினாள். மலை... ஓடை... பள்ளத்தாக்கின் கடைசி...

"மேய்ப்பர் குடிசை!"

ருமினோ ஏக்கத்தோடு குவளையைக் கீழே வைத்தார்.

ஜீப்பில் ஒரு மணி நேரம். குதிரையில் இரண்டு மணி நேரம்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எகோன் வெர்னர் குடிசை வாசலில் குப்புறக் கிடந்தார். கால்கள் உள்ளே... தலை வெளியே.

பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு விறகுக் கட்டை. அதிலும் ரத்தம்!

"உள்ள அடி வாங்கியிருக்கார்... வெளிய ஊர்ந்து வந்திருக்கார்," என்றாள் நோல்ஃபா.

"தண்ணிக்கா?"

"வானத்துக்கு!"

ருமினோ மேலே பார்த்தார். மேகம்தான் தெரிந்தது.

"குடிசைக் கூரை தகரம், ஏட்டய்யா. தகரத்துக்குக் கீழ இந்தக் கருவிக்குக் கண்ணு தெரியாது. மேல சுத்தற சாட்டிலைட்டும் இதுவும் ஒண்ணையொண்ணு நேரா பாத்தாதான் பேச்சு. அது இவருக்குத் தெரியும். அதனாலதான் சாகற நேரத்துலயும் வாசல் வரைக்கும் வந்திருக்கார். பட்டனை அழுத்தியிருக்கார். செய்தி போயிடுச்சு... அப்புறம் கொன்னவன் திரும்பி வந்து கருவியைப் பிடுங்கி அணைச்சிருக்கான்."

கருவி விறகுக் குவியலுக்குள் கிடைத்தது. சோப்புப் பெட்டி அளவு. ஆரஞ்சு நிறம். உயிரில்லை.

ருமினோ அதைப் பையில் போட்டார்.

"இந்தத் தவளையால ஒரு நாள் உயிர் போகும்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க... இவரு உயிரே போகும்னு யாரும் நினைக்கல."

தவளை!

காட்டிக்கொடுப்பவனை அந்த ஊரில் தவளை என்பார்கள். போன வருடம் வெர்னர் பண்ணை ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாட்டிலைட் கருவி கொடுத்தார். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

விதிகள் இரண்டு.

ஒன்று: வேலை நேரத்தில் தவளை எப்போதும் விழித்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது 'நான் இங்கே' என்று தானாகவே வானத்துக்குச் சொல்லும். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். அந்த வரைபடத்தைப் பண்ணையில் யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பார்க்கலாம். எல்லோரும் எல்லோரையும் வேவு பார்க்கட்டும் என்பது வெர்னரின் பெரிய மனது!

இரண்டு: மதியம் சரியாக ஒரு மணிக்கு, ஆளுக்கொரு செய்தி அனுப்ப வேண்டும். 'நலம்.' ஒரே ஒரு பட்டன். அது நேராக வெர்னரின் கருவிக்கு வரும். வராவிட்டால் மாலையில் திட்டு வரும்.

பள்ளத்தாக்கின் வாய்க்குத் திரும்பி வந்ததும் நோல்ஃபாவின் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. வரைபடத்தைத் திறந்தாள்.

அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

ஃபோர்மேன் அதேமார் சோத்தோவின் புள்ளி, முப்பது கிலோமீட்டர் தள்ளி, அவன் வீட்டிலேயே நாள் முழுக்க அசையாமல் இருந்தது.

இன்னொரு புள்ளி...

பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு இருபது. முப்பது. நாற்பது. ஐம்பது. ஒரு மணி.

ஆறு புள்ளிகளும் ஒரே இடத்தில்! குடிசைக்கு நானூறு மீட்டரில், ஒரு மேட்டுக்குப் பின்னால், ஓடையோரம்!

"பெலிசாரியோ கத்தலான்," என்று மெல்லப் படித்தாள்.

ருமினோ இருமினார்.

"அதோ... அவரே நிக்கறாரு சார்ஜென்ட்."

வேலியோரம், ஒரு கால் அங்கவடியில், ஒரு கால் தரையில். பழுப்புக் குதிரை கனேலோவின் மீது ஏறப்போகிற நிலையில் அப்படியே நின்றுவிட்டார் பெலிசாரியோ. ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை மீசை. சேணத்தில் ஆரஞ்சுத் தவளை.

"என்ன சார்ஜென்ட், இந்தப் பக்கம்?"

"உங்களைக் கைது பண்ண, ஐயா!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி.

மூன்று மணிப் படகில் அரசு வக்கீலின் ஆள் வருகிறார். பெலிசாரியோவை நகரத்துக்குக் கொண்டு போக.

கொலைக்கு இருபது வருடம். வெளியே வரும்போது எழுபத்தெட்டு!

காரணமும் வலுவாக இருந்தது. போன வாரம்தான் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில், பன்னிரண்டு பேர் முன்னால், பெலிசாரியோ வெர்னரைப் பார்த்துக் கத்தியிருந்தார்... "உன் தவளையை உனக்கே ஊட்டி விடறேன்!"

நோல்ஃபா மேஜையில் பெலிசாரியோவின் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. நிலையத்துக் கடிகாரத்தையே மூன்று முறை பிரித்திருக்கிறாள். இரண்டு முறை ஓடியது.

"ஏட்டய்யா, இங்க வாங்க. ஒரு வேடிக்கை."

"வேடிக்கையா? வந்தேன்."

"இது அவர் அனுப்பின செய்திகளோட பட்டியல். திங்கள், ஒரு மணி. செவ்வாய், ஒண்ணு ரெண்டு. புதன், ஒரு மணி. வியாழன், வெள்ளி... எல்லாம் ஒரு மணி. சனிக்கிழமை?"

ருமினோ கண்ணாடியை மாட்டினார்.

"ஆறு அஞ்சு."

"அதுக்கு முந்தின சனி?"

"ஆறு பத்து."

"அதுக்கும் முந்தினது?"

"ஆறு ரெண்டு... நேத்து?"

"நேத்து ஒண்ணுமே இல்ல. ஆறு மணிக்குத்தான் நாம கையில விலங்கு மாட்டிட்டோமே! அஞ்சு மாசமா இப்படித்தான். சனிக்கிழமை மட்டும் சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் இவர் நலமா இருக்கார்."

"பள்ளத்தாக்குல சிக்னல் போகலன்னு வெர்னர்கிட்ட சொன்னதா கேள்வி."

"அங்கதான் மாட்டிக்கிட்டார்!" நோல்ஃபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண்கள் மின்னின. "கேளுங்க. புள்ளியும் செய்தியும் ஒரே வழியாத்தான் போகுது. அதே ஆன்டெனா, அதே சாட்டிலைட். புள்ளி போன இடத்துல செய்தியும் போகும். நேத்து அந்த ஓடையோரத்துல இருந்து ஆறு புள்ளி போயிருக்கு. செய்தி மட்டும் ஏன் போகல?"

"ஏன்?"

"புள்ளி தானா போகும். கருவி விழிச்சிருந்தா போதும். செய்தி தானா போகாது ஏட்டய்யா... அதுக்கு ஒரு கட்டைவிரல் வேணும்!"

"அவருக்குத்தான் ரெண்டு இருக்கே?"

"இருக்கு. ஆனா சனிக்கிழமை அந்த ரெண்டும் வேற எங்கயோ இருக்கு!"

வரைபடத்தைப் பெரிதாக்கினாள்.

"இதையும் பாருங்க. பதினொன்னு இருபதுக்கு இந்தப் புள்ளி லெங்கா மரக்காட்டுக்குள்ள நேரா நுழையுது. நேத்து நாம அந்தக் காட்டைச் சுத்திக்கிட்டுத்தானே போனோம்? ஏன்?"

"கிளையெல்லாம் தாழ்வா இருக்கு. குதிரை முதுகு உசரம்தான். உள்ள போனா தலை போயிடும்."

"முதுகுல ஆள் இருந்தா போயிடும்... இல்லன்னா?"

ருமினோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடேங்கப்பா," என்றார் மெதுவாக.

"வேலையைப் பாத்தது குதிரை! தவளையைச் சேணத்துல கட்டி அனுப்பிட்டு, இந்த மனுஷன் எங்கயோ போயிருக்கார்!"

நோல்ஃபா ஓடாத குறையாகக் கம்பிக் கதவை அடைந்தாள்.

பெலிசாரியோ பலகையில் சாய்ந்து தொப்பியால் முகத்தை மூடியிருந்தார்.

"ஐயா! உங்க குதிரை எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

தொப்பி லேசாக நகர்ந்தது. ஒரு கண் தெரிந்தது.

"கனேலோ அப்படிப்பட்டவன் இல்லையே."

"சனிக்கிழமை வேலிச் சுத்து அவன் தனியாப் போறான். உண்மையா, இல்லையா?"

 மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு.

"பதினோரு வருஷமா அதே வேலி. அவனுக்குத் தெரியாதா? கதவைத் திறந்து விட்டா போதும். காட்டைக் கடந்து போவான், ஓடையோரம் ஒரு மணி நேரம் மேய்வான், ஆறு மணிக்கு டாண்ணு வந்து நிப்பான். வேலி அறுந்திருந்தா மட்டும் சொல்லத் தெரியாது. அதை ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பாத்துக்குவேன்."

"அப்ப நேத்து நீங்க குடிசைப் பக்கமே போகல!"

"போகல."

"எங்க இருந்தீங்க?"

சிரிப்பு அணைந்தது.

"ஒரு இடத்துல."

"எந்த இடம்? யார் பாத்தா?"

"சார்ஜென்ட்... இன்னொரு குவளை மாத்தே கிடைக்குமா?"

"ஐயா! மூணு மணிக்குப் படகு வருது. புள்ளி உங்களைக் குடிசைக்குப் பக்கத்துல காட்டுது. மரக்கிளையை எல்லாம் வக்கீல் நம்ப மாட்டார். நீங்க இருந்த இடத்தைச் சொன்னாத்தான் தப்பிக்க முடியும். இருபது வருஷம்!"

"கணக்கு எனக்கும் வரும்மா. சொல்ல மாட்டேன்."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

பெலிசாரியோ தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

ருமினோ கூரையைப் பார்த்தார். தகரத்தில் காற்று தடதடவென்று அடித்தது.

மணி ஒன்றே கால்.

நோல்ஃபா கூண்டுக்குள் இருப்பவரை விடக் கூடுதலாக நடந்துகொண்டிருந்தாள்.

"செத்தவர் கடைசியா யார்கிட்ட என்ன பேசினார்னு பாப்போம். அந்தக் கருவியை எடுங்க!"

ருமினோ இரும்பு அலமாரியைத் திறந்து வெர்னரின் தவளையை எடுத்தார். நோல்ஃபா கையுறை மாட்டி உயிர் கொடுத்தாள். திரை ஒளிர்ந்தது.

செய்தி எதுவும் இல்லை.

"அவ்வளவுதான்," என்றார் ருமினோ.

"அவ்வளவு இல்ல. நாம எங்க நிக்கறோம்?"

"நிலையத்துல."

"தகரத்துக்குக் கீழ!"

முற்றத்துக்குப் போனாள். கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு பீப்பாய் இருந்தது. அதன் மேல் கருவியை ஆன்டெனா மேல்நோக்க நிறுத்தினாள். எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"இது அடுப்புல பாலா? என்ன பாத்துட்டு இருக்கீங்க?"

"வெர்னர் கருவி பன்னெண்டு அம்பத்து ரெண்டுக்கோ அம்பத்து மூணுக்கோ அணைஞ்சது. அதுக்கப்புறம் யாராவது இதுக்குச் செய்தி அனுப்பியிருந்தா அது எங்க போகும்?"

"திரும்பிப் போகும்."

"போகாது. காத்திருக்கும். வாங்கற ஆள் கண்ணைத் திறக்கிற வரைக்கும் அந்தச் செய்தி அங்க வரிசையில நின்னுட்டே இருக்கும். இது வானத்தைப் பாத்து 'எனக்கு ஏதாவது இருக்கா'ன்னு கேட்டாத்தான் கீழ இறங்கி வரும்."

"செத்தவருக்கு வந்தாலுமா?"

"ஆள் செத்தது சாட்டிலைட்டுக்குத் தெரியாதே!"

ஒரு நிமிடம்... இரண்டு... நாலு...

பீப்!

மூன்று செய்திகள், மீட்பு மையத்திலிருந்து: 'என்ன ஆபத்து? பதில் சொல்லுங்கள்.'

பீப்!

நாலாவது செய்தி.

அனுப்பிய கருவி: அதேமார் சோத்தோவுடையது. இடம்: அவன் வீடு. நேரம்: சனிக்கிழமை, ஒன்று நாலு.

நோல்ஃபா படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஏட்டய்யா... அதேமார் சோத்தோ எப்பவாவது ஜோக் அடிச்சுக் கேட்டிருக்கீங்களா?"

"அவனா? அவன் தும்மினாக்கூட முறைச்சுக்கிட்டுத்தான் தும்முவான்."

"அவனையும் அவங்க அக்காவையும் வரச் சொல்லுங்க. உடனே! வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

இரண்டரை மணிக்கு அதேமார் சோத்தோ வந்தான்.

நாற்பத்தொரு வயது. ஆறடி. கூடவே அக்கா ஓர்ஃபெலினா. ஐம்பத்திரண்டு வயது. குட்டையான, சிவந்த கன்னமுள்ள பெண். ஏரிக்கு அக்கரையில் ஒரே வீட்டில் இருவரும் இருந்தார்கள். அக்காவைப் பெண் கேட்டு வந்த மூன்று பேரை அவன் வாசலிலேயே விரட்டியடித்த கதை ஊருக்கே தெரியும். வீட்டுச் சமையல் போய்விடும் என்கிற கவலை!

ஓர்ஃபெலினா உள்ளே வந்ததும் கம்பிக் கதவைப் பார்த்தாள்.

முகம் வெளுத்தது.

"இவரு ஏன் இங்க இருக்காரு?"

"கொலை பண்ணியிருக்கான். அதான்," என்றான் அதேமார்.

"கொலையா? யாரை? என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு எதுக்கு? கையெழுத்தைப் போடு, போகலாம்."

பெலிசாரியோ தொப்பியை எடுக்கவே இல்லை.

நோல்ஃபா இனிமையாகச் சிரித்தாள்.

"அஞ்சே நிமிஷம் அதேமார். நேத்து எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. என் புள்ளியைப் பாருங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அசையல."

"பாத்தேன். அழகா உக்காந்திருக்கு. ஒரு மணிச் செய்தி?"

"அனுப்பினேன்."

"நீங்களே?"

"பின்ன யாரு, பூனையா?"

"உங்க கட்டைவிரலால?"

"என்ன கேள்வி இது? ஆமா!"

"எங்க உக்காந்து?"

"சமையலறையில. ஜன்னலோரம். தவளை அங்கதான் இருக்கும்."

"என்னன்னு அனுப்பினீங்க?"

அதேமார் பெருமூச்சு விட்டான்.

"'நலம்.' ஒரே பட்டன். எல்லாரும் அனுப்பறதுதான்."

"வேற ஒரு வார்த்தையும் சேர்க்கல?"

"எனக்கு எழுதறதுன்னா அலர்ஜி. 'நலம்.' அவ்வளவுதான்."

"இதை எழுதி கையெழுத்துப் போடறீங்களா?"

போட்டான். அழுத்தமாக!

நோல்ஃபா அந்தத் தாளை எடுத்து மடித்து ருமினோவிடம் கொடுத்தாள். பிறகு வெர்னரின் கருவியை எடுத்து, நிதானமாகப் படித்தாள்.

"'ஐயா, நான் நலம். அக்கா செஞ்ச கசுவேலா சூப்பு பிரமாதம். ரெண்டு தட்டு ஆச்சு. உருளைக்கிழங்கு வெண்ணெயாட்டம் கரையுது. உங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பணும்னு ஆசைதான், ஆனா உங்க மூஞ்சியைப் பாத்தா சூப்பு ஆறிடும். ஒரு நாளாவது சிரிங்க. இப்படிக்கு, அதேமார்.'"



அதேமார் மேஜை மேல் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"இது... இது நான் இல்ல!"

"உங்க கருவி. உங்க வீடு. ஒண்ணு நாலு. நீங்கதான் சமையலறையில இருந்தீங்களே?"

"அக்கா!" அவன் திரும்பினான். "நீயா இதை அனுப்பின? ஒரு பட்டனைத்தானே அழுத்தச் சொன்னேன்!"

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓ... அழுத்தச் சொன்னீங்களா?" என்றாள் நோல்ஃபா. "அப்ப நீங்க எங்க?"

"மீன்... மீன் பிடிக்கப் போனேன். தடை பண்ணின ஆத்துல. அதனாலதான் மறைச்சேன். அபராதம் போடுங்க!"

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னான் சார்ஜென்ட்," என்றாள் ஓர்ஃபெலினா.  "விடியறதுக்குள்ள கிளம்பினான். யாராவது கேட்டா வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லு, ஒரு மணிக்கு பட்டனை அழுத்திடுன்னான்."

"அழுத்தினீங்களா?"

"இல்ல. என் கை ரெண்டும் ரொட்டி மாவுல இருந்துது."

"அப்ப அழுத்தினது யாரு?"

 ஓர்ஃபெலினாவின் கன்னங்கள் இன்னும் சிவந்தன.

கூண்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல்!

"யாரும் அழுத்தல! அவங்க வீட்டுல யாருமே இல்ல! அது தானா போயிருக்கும்!"

"தானா போகாது ஐயா," என்றாள் நோல்ஃபா திரும்பாமலே. "கட்டைவிரல் வேணும்."

"அப்ப கனேலோ அழுத்தியிருப்பான்!"

"நீ சும்மா இரு பெலி!" என்று வெடித்தாள் ஓர்ஃபெலினா. "இருபது வருஷம் உள்ள போறதுக்கு உனக்கு அவ்வளவு அவசரமா?"

பெலி!

அதேமார் அந்தப் பெயரைக் கேட்டு, அடி வாங்கியவன் போல நிமிர்ந்தான்.

"பெலியா? எவ்வளவு நாளா இது பெலி? டேய் கிழவா! நேத்து நீ என் வீட்டுல என்ன பண்ணின?"

பெலிசாரியோ எழுந்து வந்தார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"நீ நாள் முழுக்க வீட்டுலதான் இருந்தேன்னு இப்பதானே தம்பி கையெழுத்துப் போட்ட? என்னைப் பாக்கலையா? மேஜைக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன்!"

ருமினோ சிரிப்பை அடக்கப் பார்த்தார். மாத்தே மூக்கு வழியாக வந்தது.

"பொய்!" அதேமார் மேஜையை ஓங்கிக் குத்தினான். "பச்சைப் பொய்! இவன் குடிசைகிட்டதான் இருந்தான்! சனிக்கிழமையானா ஒரு மணி நேரம் அந்த மேட்டுக்குப் பின்னாடி படுத்துக் கிடப்பான். வரைபடத்துல வாராவாரம் பாத்திருக்கேன். நேத்தும் அங்கதான்! அவன் குதிரை ஓடையோரம் நின்னுது, மேட்டுக்கு மேல அந்தப் பழுப்பு முதுகு தெரிஞ்சுது, என் கண்ணால பாத்தேன்!"

ருமினோ குவளையை மேஜையில் வைத்தார்.



"எங்க இருந்து பாத்தீங்க அதேமார்?" நோல்ஃபா கேட்டாள். "மீன் பிடிக்கிற ஆத்துல இருந்தா? அது நாப்பது கிலோமீட்டர்."

அதேமார் கதவை நோக்கிப் பாய்ந்தான்!

ருமினோ உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு காலை மட்டும் நீட்டினார்.

ஆறடி உடம்பு தரையில் விழுந்ததில் சுவர்க் கடிகாரம் நின்றே போனது. இனி நாலாவது முறையாகப் பிரிக்க வேண்டும்!

விலங்கு மாட்டியதும் அவன் எல்லாவற்றையும் கக்கினான். பண்ணை ஆடுகளை எல்லை தாண்டி விற்று வந்தது... வெர்னர் மோப்பம் பிடித்தது... காணாமல் போன ஆடுகளின் தடம் காட்டுகிறேன் என்று குடிசைக்கு வரவழைத்தது...

"அதுக்கு ஏன் சனிக்கிழமை?"

"பெலிசாரியோ பக்கத்துல இருப்பான்னு புள்ளி சொல்லுச்சு. என் தவளை வீட்டுல இருக்கும். அவன் தவளை அங்க இருக்கும். பழி தானா விழுந்துடும்." தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "புள்ளியை நம்பினேன்."

"நீ மட்டுமா வீட்டுல தவளையை விட்டுட்டு வெளிய போவ?" என்றாள் நோல்ஃபா. "நீ அதை ஜன்னல்ல வெச்ச. அவர் சேணத்துல கட்டினார். நேத்து இந்தப் பண்ணையில செத்தவர் தவளையைத் தவிர வேற ஒண்ணுகூட உண்மை பேசல."

ஓர்ஃபெலினா தம்பியின் முன்னால் போய் நின்றாள். அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"எனக்குன்னு வந்த மூணு பேரை விரட்டின. பொறுத்துக்கிட்டேன். நாலாவது ஆளை ஜெயிலுக்கே அனுப்பப் பாத்தியேடா, பாவி..."



அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் திரும்பினாள். இப்போது குரலில் நெருப்பு!

"உன்னை அழுத்தச் சொன்னது ஒரு பட்டன்! யாரு உன்னைக் கதை எழுதச் சொன்னது?"

"பட்டனை தினமும் அழுத்தி அலுத்துப் போச்சு ஓர்ஃபி. பக்கத்துலயே எழுத்தும் இருந்துது. சரி, எழுதற வரைக்கும் எழுதுவோம்னு..."

"வாயைத் திறந்து என் வீட்டுல இருந்தேன்னு சொல்றதுக்கு என்ன?"

"உன் பேரு கெட்டுடுமேன்னு..."

"பேரா?" ஓர்ஃபெலினா இடுப்பில் கை வைத்தாள். "அஞ்சு மாசமா சனிக்கிழமை ஆனா ரெண்டு ஆளுக்கு கறி வாங்கறேன். தம்பி காலையிலயே வெளிய போயிடறான். கறிக்கடைக்காரருக்குத் தெரியும். படகுக்காரருக்குத் தெரியும். பாதிரியார் போன வாரம் கல்யாணத் தேதி கேட்டாரு! இந்த ஊர்ல தெரியாத ஒரே ஆள் என் தம்பிதான்!"

"ரெண்டு பேர்," என்றாள் நோல்ஃபா மெல்ல. "எனக்கும் தெரியாது."

கூண்டுச் சாவியை எடுத்தாள். ஓரடி வைத்தாள். நின்றாள்.

ஏதோ ஒன்று உறைத்தது.

மிக மெதுவாகத் திரும்பினாள்.

ருமினோ புதிதாக ஒரு குவளை மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மிகுந்த கவனத்தோடு. அவள் பக்கம் பார்க்காமல்.

"ஏட்டய்யா..."

"சொல்லுங்க சார்ஜென்ட்."

"நீங்க இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருபத்தாறு."

"சனிக்கிழமை இவர் எங்க இருப்பார்னு..."

"தெரியும்."

"நேத்தே தெரியுமா?"

"நேத்து வரும்போது மீசையில உருளைக்கிழங்குகூட ஒட்டியிருந்துதே."

"யோவ்!" நோல்ஃபா அலறினாள். "நான் கிளையை அளந்து, புள்ளியை எண்ணி, பீப்பாய் முன்னாடி தவம் கிடந்து... காலையில இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! படகு வந்து இவரை ஏத்திட்டுப் போயிருந்தா?"

தூரத்தில் மூன்று மணிப் படகின் ஊதல் கேட்டது.

"ரெண்டே முக்காலுக்குச் சொல்லியிருப்பேன்," என்றார் ருமினோ, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "ஆனா நீங்க அவ்வளவு அழகா விளக்கிட்டு இருந்தீங்க சார்ஜென்ட்... அதுலயும் நீங்க கேட்டதெல்லாம் புள்ளி எங்க, புள்ளி எங்கன்னுதான். ஆள் எங்கன்னு என்னை ஒரு தடவைகூடக் கேக்கலையே!"